டர்பனில் ஒரு சிறு நிறுவனத்துக்கு பிஇஇ சான்று: யாரிடம் வாங்குவது, எந்த நிலை கிடைக்கும்

கேள்வியின் சாரம் இது. தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் இரண்டு பேர் சேர்ந்து அட்டைப் பெட்டிகளும் துப்புரவுப் பொருள்களும் சப்ளை செய்கிறார்கள். போன நிதியாண்டின் விற்பனை 84 லட்சம் ரேண்ட், இந்த ஆண்டு 1 கோடியைத் தாண்டிவிடும். 60 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் பல தலைமுறைகளாக நட்டாலில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 40 சதவீதம் வைத்திருப்பவர் 2004-ல் சென்னையிலிருந்து போய், பிறகு தென் ஆப்பிரிக்கக் குடியுரிமை பெற்றவர். இப்போது பங்கைப் பாதிக்குப் பாதி ஆக்கக் கேட்கிறார். ஒரு பெரிய வாடிக்கையாளர் பிஇஇ சான்று, அதாவது கறுப்பினப் பொருளாதார வலுவூட்டலில் நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சான்று, இல்லாமல் ஆர்டர் தர முடியாது என்கிறார். சான்று வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஆலோசகர் கணிசமான தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இந்த அளவு நிறுவனத்துக்கு எந்த ஏஜென்சியின் சான்றும் தேவையில்லை. உரிமையாளர் தானே நிரப்பி, சத்தியம் செய்து கையெழுத்திடும் ஒரு பிரமாணப் பத்திரம் போதும். அதற்குச் செலவும் இல்லை. அதன் மூலம் 2-ஆம் நிலை கிடைக்கும் (1 உச்சம், 8 கடைசி). ஆனால் பங்கு 50:50 ஆன அன்றே அந்த நிலை போய்விடும். பணத்தைவிட இதைத்தான் நீங்கள் இருவரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பரந்த அடிப்படையிலான கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டம் 2003-ஆம் ஆண்டின் 53-ஆம் எண் சட்டம். மதிப்பெண் முறையைச் சொல்லும் நடைமுறை விதிகள் 2007-ல் வந்தன. 2013-ல் அவை பெரிதாகத் திருத்தப்பட்டு 2015 மே முதல் அமலாயின. 2019 டிசம்பரில் இன்னொரு திருத்தம் அமலுக்கு வந்தது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி 2015-க்கு முந்தையவை. அவற்றில் உள்ள விற்பனை எல்லைகளும் நிலைகளும் இன்று செல்லாது. படிக்கும்போது ஆண்டைப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்பது ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூவரையும் சேர்த்தது. 2008-ல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தென் ஆப்பிரிக்கச் சீனர்களும் சேர்ந்தார்கள். 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்கள் இதற்குள் வருவது யாரும் போட்ட பிச்சை அல்ல. நிறவெறி ஆட்சி அவர்களிடமிருந்தும் நிலத்தையும் தொழிலையும் வாழுமிடத்தையும் பறித்தது. அந்த அநீதிக்குத்தான் இந்தச் சட்டம் ஈடு தேடுகிறது. அதனால்தான் நிறம் மட்டும் போதாது, குடியுரிமை எப்படி, எப்போது வந்தது என்பதும் கேட்கப்படுகிறது. பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருக்க வேண்டும். விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவரானால் 1994 ஏப்ரல் 27-க்கு முன் பெற்றிருக்க வேண்டும், அல்லது அந்தத் தேதிக்கு முன்பே பெறத் தகுதி இருந்தவராக இருக்க வேண்டும். 2004-ல் வந்தவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அவர் கையில் தென் ஆப்பிரிக்க பாஸ்போர்ட் இருக்கலாம், வாக்களிக்கலாம். ஆனால் பிஇஇ கணக்கில் அவருடைய பங்கு பூஜ்யம். நிரந்தரக் குடியிருப்பு அனுமதி மட்டும் வைத்திருப்பவருக்கும் அப்படியே. இந்தியாவிலிருந்து சமீபத்தில் குடியேறிய பலர் 'நானும் இந்தியன்தானே' என்று பத்திரத்தில் 100 சதவீதம் என எழுதிவிடுகிறார்கள். அது பொய்ச் சத்தியம். குற்றம்.

ஆக உங்கள் நிறுவனம் 60 சதவீதம் கறுப்பின உரிமை கொண்டது. அடுத்தது அளவு. ஆண்டு விற்பனை 1 கோடி ரேண்ட் வரை இருந்தால் இஎம்இ என்னும் மிகச்சிறு நிறுவனம். 1 கோடிக்கு மேல் 5 கோடி வரை க்யூஎஸ்இ என்னும் சிறு நிறுவனம். அதற்கு மேல் பொது விதிகளுக்கு உட்பட்ட பெரிய நிறுவனம். விற்பனை என்றால் வாட் நீங்கலான தொகை. கடைசியாக முடிந்த நிதியாண்டின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், இந்த மாதம் வங்கியில் விழுந்த பணத்தை அல்ல.

சில தொழில்களுக்குத் தனி விதிகள் உண்டு, எல்லைகளும் மாறும். சுற்றுலாவில் இஎம்இ எல்லை 50 லட்சம் ரேண்ட்தான். கட்டுமான ஒப்பந்தக்காரருக்கு 30 லட்சம், கட்டட வடிவமைப்பாளர், பொறியாளர் போன்றோருக்கு 18 லட்சம். சொத்து, போக்குவரத்து, தகவல் தொழில்நுட்பம், விளம்பரம், வேளாண்மை, வனத்தொழில், நிதி எனவும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி எந்தத் தொழிலிலிருந்து வருகிறதோ அந்த விதியின் படிவத்தை எடுக்க வேண்டும். கட்டுமான வேலை செய்துகொண்டு பொதுப் படிவத்தில் சத்தியம் செய்தால் வாங்குபவரின் தணிக்கையில் அது நிற்காது. பெட்டி, துப்புரவுப் பொருள் சப்ளைக்குப் பொது விதியே பொருந்தும்.

இஎம்இ எதுவானாலும் தானாகவே 4-ஆம் நிலை கிடைக்கும், உரிமை யாருடையதாக இருந்தாலும் சரி. 51 சதவீதமோ அதற்கு மேலோ கறுப்பின உரிமை என்றால் 2-ஆம் நிலை. 100 சதவீதம் என்றால் 1-ஆம் நிலை. க்யூஎஸ்இ-யிலும் 51-க்கு 2, 100-க்கு 1. இந்த இரண்டுக்கும் பிரமாணப் பத்திரமே போதும். வித்தியாசம் 51-க்குக் கீழே இறங்கும்போதுதான் தெரியும். இஎம்இ-க்கு அப்போதும் 4-ஆம் நிலை கையில் இருக்கும். க்யூஎஸ்இ-க்கு எதுவும் தானாகக் கிடைக்காது: சனாஸ் என்னும் தேசிய அங்கீகார அமைப்பின் அனுமதி பெற்ற சரிபார்ப்பு ஏஜென்சியை அழைத்து, உரிமை, நிர்வாகம், திறன் வளர்ச்சி, சப்ளையர் வளர்ச்சி, சமூகச் செலவு என ஐந்து தலைப்புகளிலும் மதிப்பெண் வாங்க வேண்டும். உங்கள் விற்பனை 1 கோடியைத் தாண்டப்போகிற அதே ஆண்டில் கூட்டாளி 50:50 கேட்கிறார். 50 என்பது 51 அல்ல. அந்த ஒரு சதவீதம் குறைந்தால் ஒரு பக்கப் பத்திரத்தின் இடத்தில் ஒரு முழுத் தணிக்கை வந்து உட்காரும்.

வாங்குபவருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேரம் பேச உதவும். தனியார் கம்பெனி எதையும் பிஇஇ மதிப்பெண் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அழுத்தம் சங்கிலியாக வருகிறது. அரசு அமைப்புகளும், அரசிடம் உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர்களும் மதிப்பெண் பார்க்கிறார்கள். அவர்களுக்கு விற்பவர் தன் மதிப்பெண்ணை உயர்த்த உங்களைப் பார்க்கிறார். 1-ஆம் நிலை சப்ளையரிடம் 10 லட்சம் ரேண்டுக்கு வாங்கினால் அவர் கணக்கில் 13.5 லட்சமாக ஏறும். 2-ஆம் நிலைக்கு 12.5 லட்சம், 3-க்கு 11 லட்சம், 4-க்கு அதே 10 லட்சம். 5-க்கு 8 லட்சம், 6-க்கு 6 லட்சம், 7-க்கு 5 லட்சம், 8-ஆம் நிலையில் வெறும் 1 லட்சம். அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை.

இதோடு முடியவில்லை. பெரிய நிறுவனத்தின் மதிப்பெண் அட்டையில் கொள்முதலுக்கு 27 புள்ளிகள். அதில் 11 புள்ளிகள், 51 சதவீதமாவது கறுப்பின உரிமை உள்ள சப்ளையர்களிடம் வாங்குவதற்கு மட்டுமே. இஎம்இ-க்களிடம் வாங்குவதற்கு 4, க்யூஎஸ்இ-க்களிடம் 3, 30 சதவீதமாவது கறுப்பினப் பெண்கள் உரிமை கொண்ட நிறுவனங்களிடம் வாங்குவதற்கு 4. அதனால் 60 சதவீத இஎம்இ ஆன நீங்கள் ஒரே பில்லில் வாடிக்கையாளருக்குப் பல கட்டங்களை நிரப்பித் தருகிறீர்கள். 50:50 ஆனால் அந்த 11 புள்ளிக் கட்டத்திலிருந்து முழுவதுமாக வெளியேறுகிறீர்கள். கொள்முதல் மேலாளர் உங்களை விட்டுவிட்டு வேறு சப்ளையரைத் தேடுவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

இப்போது பத்திரம். வர்த்தக, தொழில், போட்டித்துறையான டிடிஐசி-யின் இணையதளத்தில் படிவம் இலவசமாகக் கிடைக்கும். இஎம்இ-க்கு ஒன்று, க்யூஎஸ்இ-க்கு ஒன்று, தனித் தொழில் விதிகளுக்கு வேறு வேறு. இயக்குநரோ பங்குதாரரோ தன் பெயர், அடையாள எண், நிறுவனத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி எழுதி, கறுப்பின உரிமை எத்தனை சதவீதம், கறுப்பினப் பெண்கள் உரிமை எத்தனை, இளைஞர், மாற்றுத்திறனாளி போன்ற குறிப்பிட்ட பிரிவினரின் உரிமை எத்தனை என்று நிரப்ப வேண்டும். எந்த நிதியாண்டுக் கணக்கின்படி விற்பனை எல்லைக்குள் இருக்கிறது என்பதை நாள், மாதம், ஆண்டுடன் எழுத வேண்டும். கடைசியில் உரிய நிலைக்கு எதிரே டிக். பிறகு கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது சத்தியம் செய்துவைக்கும் அதிகாரம் பெற்றவர், முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து. காவல் நிலையத்தில் இதை இலவசமாகச் செய்து தருவார்கள், வழக்கறிஞரும் செய்யலாம். கமிஷனர் கையெழுத்திட்ட நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.

நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால்தான். நிதியாண்டு முடிவுத் தேதியை விட்டுவிடுவது முதலிடம். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து கமிஷனரிடம் முத்திரை வாங்குவது அடுத்தது: இரு கையெழுத்துக்கும் தேதி வேறானால் அது சத்தியமே அல்ல, அவர் கண்முன்னால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். சதவீதக் கட்டத்தைக் காலியாக விட்டு நிலைக்கு மட்டும் டிக் போடுவது, இரண்டு நிலைக்கும் டிக் போடுவது, கடைப் பெயரை எழுதிவிட்டுப் பதிவுப் பெயரை விடுவது, 2019-க்கு முந்தைய படிவத்தைப் பயன்படுத்துவது, முத்திரையில் பெயரும் பதவியும் படிக்க முடியாமல் மங்கியிருப்பது. கமிஷனருக்கு அந்த விஷயத்தில் சொந்த நலன் இருக்கக்கூடாது. உங்கள் கணக்கைப் பார்க்கும் கணக்காளரிடமே கையெழுத்து வாங்காமல் இருப்பது நல்லது.

இஎம்இ-க்கு இன்னொரு வழியும் உண்டு. கம்பெனிப் பதிவு அலுவலகமான சிஐபிசி தானே பிஇஇ சான்று தரும். ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யாமல் நிலுவை வைத்திருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். பத்திரமோ சிஐபிசி சான்றோ, இரண்டில் ஒன்று போதும். ஏஜென்சி முத்திரை இல்லாமல் செல்லாது என்று யாராவது சொன்னால், அவர் விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆலோசகர் உங்களுக்குச் செய்யப்போவது இந்தப் படிவத்தை நிரப்பித் தருவதைத்தான்.

பத்திரத்தை மட்டும் அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். வாங்குபவரோ அவருடைய சரிபார்ப்பு ஏஜென்சியோ ஆதாரம் கேட்கலாம். பங்குப் பதிவேடு, பங்குச் சான்றிதழ்கள், பங்குதாரர் அடையாள அட்டை நகல்கள், சிஐபிசி பதிவுத் தாள், நிறுவன விதித்தாள், கையெழுத்திட்ட நிதியறிக்கை, இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். 2023 முதல் உண்மையான பயனுரிமையாளர் யார் என்று சிஐபிசி-யில் தாக்கல் செய்யும் கடமையும் இருக்கிறது. அதில் ஒரு கணக்கும் பத்திரத்தில் இன்னொரு கணக்கும் இருந்தால் முதலில் மாட்டுவது நீங்கள்தான்.

பலர் கவனிக்காத இடம் இன்னும் ஒன்று. 51 சதவீதக் கறுப்பின உரிமை என்று சொல்ல பங்குச் சான்றிதழில் எண் இருந்தால் மட்டும் போதாது. வாக்குரிமையில் 51, லாபத்தில் கிடைக்கும் பொருளாதாரப் பங்கில் 51, இவற்றோடு நிகர மதிப்புக்கான புள்ளிகள் முழுவதும். நிகர மதிப்பு என்றால், பங்கு வாங்கப் பட்ட கடன் போக உண்மையில் கையில் என்ன மிச்சம் என்பது. கறுப்பினப் பங்குதாரர் தன் 60 சதவீதத்தை மற்றவரிடமே கடன் சொல்லி வாங்கி, அந்தக் கடன் அப்படியே நிற்கிறதென்றால் சிக்கல் வரும். விதி ஆண்டுக்கேற்ப இடம் தருகிறது: முதல் ஆண்டில் இலக்கின் 10 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 20, மூன்று நான்கில் 40, ஐந்து ஆறில் 60, ஏழு எட்டில் 80, ஒன்பது பத்தில் முழுவதும் கடனில்லாமல் ஆகியிருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் பங்கு எப்படி வாங்கப்பட்டது என்பதைக் கணக்காளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1 கோடி எல்லைக்குள் நிற்பதற்காக நிறுவனத்தை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்யலாம் என்ற யோசனையும் ஆலோசகர்களிடமிருந்து வரும். தகுதிக்காகப் பிரிப்பது குற்றம் என்று நடைமுறை விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. தவிர, உங்களுக்கு அதில் லாபமும் இல்லை. 60 சதவீதம் நீடித்தால் க்யூஎஸ்இ ஆனாலும் அதே 2-ஆம் நிலை, அதே ஒரு பக்கப் பத்திரம். விற்பனை 1 கோடியைத் தாண்டிய நிதியாண்டு முடிந்ததும் அடுத்த பத்திரத்தை க்யூஎஸ்இ படிவத்தில் செய்தால் போதும்.

5 கோடியைத் தாண்டினால் கதை வேறு. அங்கே 100 சதவீதக் கறுப்பின உரிமை இருந்தாலும் எதுவும் தானாக வராது. ஏஜென்சி வந்தே ஆக வேண்டும். உரிமைக்கு 25, நிர்வாகத்துக்கு 19, திறன் வளர்ச்சிக்கு 20, சப்ளையர் மற்றும் தொழில் வளர்ச்சிக்கு 42 (மேலே சொன்ன கொள்முதலின் 27-ம் இதற்குள்), சமூகப் பொருளாதார வளர்ச்சிக்கு 5 புள்ளிகள். ஊக்கப் புள்ளிகள் தனி. 100 எடுத்தால் 1-ஆம் நிலை, 95-க்கு 2, 90-க்கு 3, 80-க்கு 4. உரிமையின் நிகர மதிப்பு, திறன் வளர்ச்சி, சப்ளையர் வளர்ச்சி ஆகிய மூன்றிலும் குறைந்தது 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் ஒரு நிலை இறங்கும்: 96 புள்ளி எடுத்தவர் 3-ஆம் நிலைச் சான்றோடு வீடு திரும்புவார்.

அந்த அளவுக்கு வளர்ந்தவர்கள் தோற்கும் இடம் காலண்டர். சான்று முடிந்துபோன நிதியாண்டை அளக்கிறது. பிப்ரவரி 28-ல் ஆண்டு முடிகிறதென்றால் மார்ச் 1-ஆம் தேதிக்குப் பிறகு கொடுத்த நன்கொடையோ கட்டிய படிப்புக் கட்டணமோ அந்தச் சான்றில் ஏறாது. வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 2 சதவீதம் சப்ளையர் வளர்ச்சிக்கு, 1 சதவீதம் தொழில் வளர்ச்சிக்கு, 1 சதவீதம் சமூகச் செலவுக்கு என இலக்குகள். சம்பளத் தொகையில் 3.5 சதவீதம் கறுப்பினத்தவர் பயிற்சிக்கு, 2.5 சதவீதம் கறுப்பின மாணவர்களின் உயர்கல்வி உதவித்தொகைக்கு. துறைப் பயிற்சி ஆணையமான செட்டாவிடம் ஆண்டுப் பயிற்சித் திட்டமும் அறிக்கையும் ஏப்ரல் 30-க்குள் போகவில்லையென்றால், பயிற்சிக்குச் செலவழித்த பணம் இருந்தும் புள்ளி வராமல் போகும். பயிற்சி பெற்றவரின் அடையாள அட்டை, இன அறிவிப்புப் படிவம், கட்டண ரசீது, வருகைப் பதிவு நான்கும் இல்லாத செலவை ஏஜென்சி மாதிரிச் சோதனையில் தள்ளிவிடும். மதிப்பெண் போடும் ஏஜென்சியே ஆலோசனையும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்ல முன்வருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வேலையில்லா இளைஞர்களை 12 மாதம் சம்பளத்தோடு அமர்த்தும் யெஸ் திட்டம் ஒரு நிலையோ இரண்டு நிலையோ உயர்த்தித் தரும். 2018-ல் வந்த இது நிஜமாகவே நல்ல திட்டம். பணமாகக் கொடுப்பதைவிட ஒருவருக்கு முதல் வேலை அனுபவம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

அரசு டெண்டர் எண்ணம் இருந்தால் ஒரு மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 16 முதல் அமலான கொள்முதல் விதிகளின்படி 5 கோடி ரேண்ட் வரை 80:20, அதற்கு மேல் 90:10. 80 அல்லது 90 விலைக்கு. மீதி 20 அல்லது 10 பிஇஇ நிலைக்குத் தானாகப் போவதில்லை; ஒவ்வோர் அரசு அமைப்பும் தன் டெண்டரில் குறிப்பிடும் இலக்குகளுக்குப் போகிறது. ஒரு மாநகராட்சி எதற்குப் புள்ளி தருகிறது, எந்த ஆதாரம் கேட்கிறது என்பதை அந்தந்த டெண்டர் தாளில்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, கூட்டாளியின் கோரிக்கை. கறுப்பினத்தவர் பெயரில் பங்கை எழுதிவைத்துவிட்டு லாபத்தையும் முடிவையும் வேறொருவர் வைத்துக்கொள்வது ஃப்ரண்டிங். தனிநபருக்கு 10 ஆண்டு வரை சிறை, நிறுவனத்துக்கு ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம், தண்டனை பெற்றால் 10 ஆண்டு அரசு வியாபாரத்துக்குத் தடை. பயணிகள் ரயில் நிறுவனத்துக்கு எஞ்சின் வாங்கிக் கொடுத்த ஸ்விஃபாம்போ கம்பெனியின் சுமார் 350 கோடி ரேண்ட் ஒப்பந்தத்தை 2017-ல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் கம்பெனி வெறும் முகப்பு என்பது தீர்ப்பில் ஒரு முக்கியக் காரணம். 2018-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அளவில் எங்கோ இருக்கும் வழக்கு, ஆனால் சோதனை ஒன்றுதான்: முடிவு யார் எடுக்கிறார், பணம் யாருக்குப் போகிறது.

ஆகவே காகிதத்தில் 60:40 என்று வைத்துக்கொண்டு தனி ஒப்பந்தத்தில் லாபத்தைச் சமமாகப் பிரிப்பது வேண்டவே வேண்டாம். செய்யக்கூடியது இரண்டு. சென்னைக் கூட்டாளியின் பங்கை 49 வரை உயர்த்தலாம். மற்றவரிடம் 51 இருக்கும் வரை நிலை மாறாது, லாபப் பங்கும் அதே விகிதத்தில் போக வேண்டும். அல்லது பங்கை 60:40 என்றே விட்டு, அவர் செய்யும் வேலைக்குச் சந்தை மதிப்புள்ள சம்பளத்தை எழுத்தில் நிர்ணயிக்கலாம். சம்பளம் உழைப்புக்கானது, உரிமைக் கணக்கைத் தொடாது. சம்பளம் என்ற பெயரில் லாபம் முழுவதையும் உறிஞ்சினால் மட்டும் அதுவும் ஃப்ரண்டிங்தான். எதைத் தேர்ந்தாலும் முதலில் பங்குப் பதிவேட்டையும் சிஐபிசி தாக்கலையும் திருத்துங்கள். பத்திரத்தில் சத்தியம் செய்வது அதற்குப் பிறகு.